அம்பாசிடருக்குள் ஐப்பசி

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவனுக்கு வானிலை அறிக்கை தேவையில்லை. டிரைவர் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தே செம்பரம்பாக்கம் ஏரி நிலவரம் சொல்லிவிடலாம். இத்தனைக்கும் அதன் பூர்வீகம் இங்கிலாந்து. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-இன் வழிவந்த வண்டி. மழை பார்க்காத வம்சமில்லை. 2014-இல் உற்பத்தியே நின்றுபோனது. எங்களுடையது எழுபதுகளில் பிறந்தது. அந்த வயசில் கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்தால் யாரைக் குறை சொல்வது?

பழைய கார் ஒழுகினால் ஊரே வைத்தியர். எதிர்வீட்டு மாமா தார் பூசச் சொன்னார். மைத்துனர் பாத்ரூமுக்கு வாங்கி மிச்சமான சிலிக்கான் டியூபோடு வந்து இறங்கினார். மூடியைத் திறந்ததும் ஊறுகாய்க் கடை வாசம். அது அசிட்டிக் அமிலம். தகட்டில் பட்டால் துருவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. காருக்கு ‘நியூட்ரல் க்யூர்’ என்று போட்ட வகைதான் ஆகும். மைத்துனருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

கடைசியில் புதுப்பேட்டையிலிருந்து ஒரு டிங்கர் வந்தார். "சார், சொட்டுற இடத்துல ஓட்டை இருக்காது" என்றார். வேதாந்தம் போலிருந்தாலும் நிஜம். முன்கண்ணாடியின் மேல் மூலையில் நுழைந்த தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்து, கிளட்ச் பெடல் பக்கம் வந்துதான் முகம் காட்டும்.

அதனால் பரீட்சை வைத்தார். வெளியே ஹோஸ் பைப்போடு நான். உள்ளே டார்ச்சோடு மனைவி. கீழிருந்து மேலாகத்தான் தண்ணீர் அடிக்க வேண்டுமாம். எடுத்த எடுப்பில் கூரையில் அடித்தால் எல்லா இடுக்கிலும் வழிந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. கதவடி, கதவு, பிறகு கண்ணாடி என்று ஏறிக்கொண்டே போனேன்.

"ஏங்க, வருது!"

"எங்க?"

"என் தலையிலதான்!"

கண்ணாடி ரப்பரை மாற்றுவது என்று முடிவாயிற்று. ஆனால் டிங்கர் நகரவில்லை. சைக்கிள் ஸ்போக் ஒன்றை எடுத்துக் கதவின் அடி விளிம்பில் குத்தினார். செம்மண் குழம்பாகத் தண்ணீர் கொட்டியது. கூடவே மக்கிய வேப்பிலையும் ஒரு பார்க்கிங் டோக்கனும். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். அது வெளியேறத்தான் அடியில் ஓட்டை. அதை மண் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆக, ஒழுகுகிற காருக்குப் பாதி வைத்தியம் அடைப்பதில் இல்லை, திறப்பதில்தான் இருக்கிறது.

தரைவிரிப்பைத் தூக்கினால் அடுத்த அத்தியாயம். மேலே காய்ந்த பாவனை. அடியிலிருக்கும் ஃபெல்ட் மட்டும் வாரக்கணக்கில் ஈரத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும். டிங்கர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். ‘டங்’ என்றால் இரும்பு, ‘டொக்’ என்றால் வெல்டிங். நல்லவேளை, டங்தான் அதிகம்.

மேலாகப் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளவென்று தகடு தெரியும்வரை தேய்த்தார். குழிகளில் ஒளிந்திருந்ததற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம். பழுப்பு கறுப்பாக மாறியது. காய்ந்ததும் பிரைமர், அப்புறம் பெயின்ட்.

"மேலாப்ல பட்டி வச்சு மூடிட்டா சீக்கிரம் முடியாதா?" என்றார் மாமா.

"முடியும் சார். அடுத்த மழைக்குக் கொப்புளம் கிளம்பும். மறுபடி நான்தான் வரணும். எனக்கு லாபம்தான்."

மாமா அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

பில் வந்தது. ரப்பருக்கு, பெயின்டுக்கு, கூலிக்கு எல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தார். உண்மையில் காரைக் காப்பாற்றிய அந்த ஸ்போக் வேலைக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதுக்கு எப்படி சார் காசு வாங்குறது? அது கம்பெனிக்காரன் போட்ட ஓட்டை!"