புல்லை வெட்டாத புரட்சி

நாடு கலங்கினால் குடிமக்கள் என்ன செய்யலாம்? புல்லை வெட்டாமல் இருக்கலாம். பிரிட்டன் கண்ட அருமருந்து இது. மே மாதம் முழுக்கப் புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடாதீர்கள் என்கிறது பிளான்ட்லைஃப் என்ற தாவரப் பாதுகாப்பு அமைப்பு. சோம்பலுக்கு இவ்வளவு கௌரவம் வேறெங்கே கிடைக்கும்!

2022இல் மட்டும் அங்கே மூன்று பிரதமர்கள். லிஸ் டிரஸ் தாங்கியது 49 நாள். வெட்டாத புல்லில் பூக்கும் டேன்டெலியன் செடியைப் பாருங்கள்: பிடுங்கினாலும் திரும்ப முளைக்கும். பேசாமல் அதையே பிரதமராக்கலாம். மஞ்சள் நிறம்தான் இடிக்கிறது. அது தங்கள் கட்சியின் நிறம் என்று லிபரல் டெமாக்ரட்டுகள் உரிமை கொண்டாடுவார்கள்.

எம்.பி.க்களும் இந்தப் புல்வெட்டா இயக்கத்தில் மனதாரச் சேர்ந்துவிட்டார்கள். நாடாளுமன்றம் இயங்கும், சிதைந்துவரும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையைப் பழுதுபார்க்க, அனைவரும் வெளியேறுவதென்று 2018இல் வாக்களித்தார்கள். கட்டடத்தை இயற்கையின் போக்கில் விட்டுவிட்டு, இன்றுவரை உள்ளேயேதான் இருக்கிறார்கள்.