நிற்றல் நோக்கில் மிதிவண்டி: மொன்றியலில் கமராவோடு உலாவுவோர்க்கான ஓர் ஆய்வு

மொன்றியல் நகரில் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு உலாப்போக விரும்புவோர் எத்தகைய மிதிவண்டியை மலிவாகப் பெறலாம் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குக் கடைத்தெரு வினாவாகத் தோன்றினும், உண்மையில் அது இயக்கத்துக்கும் நிலைக்கும் இடையே நெடுங்காலமாக நிலவும் பிணக்கின் ஒரு கிளையே ஆகும். இக்கட்டுரையில் ‘உலா’ என்பது படம் எடுக்கும்பொருட்டு நிறுத்தி நிறுத்திச் செல்லும் பயணத்தைக் குறிக்கும். ‘மலிவு’ என்பது, வண்டியைக் கம்பத்தில் பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் இருநூறு அடி நடந்து, மனக்கலக்கமின்றி ஒரு கண்ணை மூடிக் குறிபார்க்க இடந்தரும் விலையைக் குறிக்கும். இரண்டாம் வரையறையில் தொகை எதுவும் சொல்லப்படாதது குறையன்று. அது அவரவர் நெஞ்சுரத்தைப் பொறுத்தது.

இத்துறையில் நிலவும் குழப்பத்துக்கு நகரின் வரலாறே ஓரளவு காரணம். 1899இல் இங்கு நடைபெற்ற உலக மிதிவண்டிப் போட்டியில் கறுப்பின அமெரிக்கரான மேஜர் டெய்லர் ஒரு மைல் விரைவோட்டத்தை வென்றார். 1974இல் மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸ் இதே நகரில் உலகப் பட்டம் சூடினார். மிதிவண்டி ஓடுவதற்கே உரியது என்ற நம்பிக்கை இத்தகைய வெற்றிகளால் வேரூன்றிவிட்டது. ஆனால் கமராவும் மிதிவண்டியும் ஒருசேரப் பயணப்பட்ட பழைய சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. 1891இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து சீனம் நோக்கிப் புறப்பட்ட தோமஸ் அலன், வில்லியம் சாக்ட்லபென் என்னும் இரு அமெரிக்க இளைஞர்கள் வழிநெடுகக் கோடாக் கமராவால் படம் எடுத்தனர். அவர்கள் எவ்வளவு விரைந்து மிதித்தார்கள் என்பதைப் படம் காட்டுவதில்லை. எங்கெங்கே இறங்கினார்கள் என்பதையே காட்டுகிறது. ஆகவே, படம் எடுப்போனின் வண்டியை அது ஓடும் விதத்தால் அல்லாமல் நிற்கும் விதத்தால் மதிப்பிட வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

நிற்றலுக்கு முதற்கருவி ஸ்டாண்ட். இலங்கைப் போரின் பொருளாதாரத் தடைக்காலத்தில் விறகையும் மண்ணெண்ணெய்க் கலனையும் சுமந்த யாழ்ப்பாணத்துச் சைக்கிள்கள், பின்சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்திப் பிடிக்கும் இருகால் ஸ்டாண்டில் நின்றன. அவற்றைச் சாய்க்க மனித முயற்சி தேவைப்பட்டது. வட அமெரிக்கக் கடைகளிலோ ஸ்டாண்ட் வீண்பாரம் எனக் கருதப்பட்டு, அது இல்லாமலே பல வண்டிகள் விற்கப்படுகின்றன. தனியே வாங்கிப் பூட்டினாலும் பெரும்பாலும் ஒற்றைக்கால்தான் கிடைக்கும். ஹாண்டில் பையில் கமராவை வைத்து அவ்வொற்றைக்காலில் நிறுத்தினால், முன்பாரம் முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்க, வண்டி சற்றே உருண்டு, ஒரு கணம் யோசிப்பதுபோல் தாமதித்து, பின்னர் கமராவோடு சரியும். இதற்குரிய தீர்வு எளிது. புரோக்கோலிக் கட்டைச் சுற்றி வரும் தடித்த ரப்பர் வளையத்தால் முன்பிரேக்கின் பிடியை ஹாண்டிலோடு சேர்த்து இறுக்கிவிட்டால் சக்கரம் உருளாது; உருளாத சக்கரம் எளிதில் திரும்புவதுமில்லை. பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் காய்கறி வாங்கும் எந்தக் குடும்பத்திலும் இக்கருவி இலவசமாகச் சேர்ந்து கிடக்கும் என்பதால், மலிவு பற்றிய வரையறைக்கும் இது முற்றிலும் பொருந்துகிறது.

அடுத்தது சட்டகம். கழுத்தில் தொங்கும் கமராவோடு இருக்கைக்கு மேலாகக் காலைச் சுழற்றி இறங்குவோர், வில்லையால் தம் ஹாண்டிலையே தட்டுவது வழக்கம். ஆதலால் குறுக்குப் பார் தாழ்ந்த ‘லேடீஸ் சைக்கிள்’ வடிவமே சிறந்தது. இதற்கு ஆடவர் தரப்பிலிருந்து எழும் மறுப்பு, சைவ நூலோர் மாற்றார் கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கப் பகுதியில் இடம்பெறத் தகுந்த அளவு வலுவுடையதன்று. அது மீசை தொடர்பானது. தாழ்பார் கிடைக்காதவிடத்து, கியூபெக்கின் வாட்டர்லூ ஊரில் தயாரான ராலி போன்ற பழைய உருக்கு வண்டிகளை நாடலாம். அவை கனமானவை, துருவேறியவை, ஆனால் சாவதில்லை.

அதிர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அகன்ற ரயரில் காற்றைச் சற்றுக் குறைத்து, கமராவைக் கரியரில் கட்டாமல் முதுகில் சுமந்தால், மேட்டையும் பள்ளத்தையும் முழங்கால்கள் ஏற்றுக்கொள்ளும். பூங்கா வடிவமைப்பாளர் ஒல்ம்ஸ்டெட் வகுத்த, மோன்ட் றோயல் குன்றின் சரளைப் பாதை இதற்குப் போதிய சோதனைக்களம்.

2009இல் தொடங்கிய பிக்சி என்னும் பொது வாடகை வண்டி இருக்க, சொந்த வண்டி எதற்கு என்று வினவுவார் உளர். மிஷேல் தலேர் வடிவமைத்த அவ்வண்டியின் பார் தாழ்ந்தது. முன்னே பை வைக்க இடமும் அதைப் பிடிக்க இழுவைப் பட்டியும் உண்டு. இவ்வளவு நற்குணங்களும் ஒரே குறையால் கெடுகின்றன: அதில் நிற்பதற்கும் காசு. உறுப்பினருக்கு 45 நிமிடத்துக்குப் பிறகும், மற்றவர்க்குத் தொடக்கத்திலிருந்தும் நிமிடக் கணக்கு ஓடும். லசீன் கால்வாய்க் கரையில் ‘ஃபாரீன் ஃபைவ் ரோசஸ்’ என்னும் மாவு விளம்பரப் பலகையின் சிவப்பு எழுத்துகள் மாலையில் ஒளிரும்வரை காத்திருப்பவர், வானம் கறுக்கக் கறுக்கக் கட்டணமும் ஏறுவதைக் காண்பார். இந்நகரில் ‘வடக்கு’ எனப்படும் திசை உண்மையில் பெரிதும் மேற்கே சாய்ந்தது. அதனால் ஜூலை மாலைகளில் சூரியன் சென் லோரன் வீதியின் வடக்கு முனையை அண்டி மறைகிறது. அவ்வொளி நிலைக்கும் சில நிமிடங்களில் வாடகை நிலையம் தேடி அலைவது ஆய்வொழுக்கத்துக்கு முரணானது.

திருட்டைப் பொறுத்தவரை நியூயோர்க்கின் பில் கனிங்ஹாமே பேரறிஞர். பல்லாண்டுகளாகத் தெருவில் உடைகளைப் படம் பிடித்த அவர் தம் வண்டிகளைத் திருடர்க்கு மீண்டும் மீண்டும் பறிகொடுத்தும், அடுத்ததை வாங்கி வேலையைத் தொடர்ந்தார். கமராவை வண்டியிலேயே விட்டுவைக்காமை ஒன்றே இதில் கைக்கொள்ள வேண்டிய விதி.

எஞ்சியது பனிக்காலம். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் நோட்மன் என்னும் மொன்றியல் புகைப்படக்காரர், தம் ஸ்டூடியோவுக்குள் உப்பைத் தூவிப் பனிக்காட்சி அமைத்தார். இன்று அதே உப்பு தெருவில் பனிமேல் தூவப்பட்டுச் சங்கிலியை அரிக்கிறது. இத்தெருவில் விலையுயர்ந்த வண்டியை இறக்குவது வீண்செலவு. குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்த கமராவை உடனே திறந்தால் வில்லையில் ஈரம் படியும் என்பதால், அது வீட்டு வெப்பநிலைக்கு வரும்வரை பைக்குள்ளேயே மூடிக் கிடக்க வேண்டும். வண்டியை முதலில் துடைப்பதா, கமராவையா என்று அறிஞரிடையே எழக்கூடிய சர்ச்சை இதனால் தானாகவே தீர்கிறது: பை திறக்க நேரம் ஆகும்வரை செய்வதற்கு வேறு வேலை இல்லாமையால், துணியும் எண்ணெயும் முதலில் சங்கிலிக்கே செல்லும்.