பின்சக்கரத்து 'லொடக்'கும் பரிகார முறைகளும்

பாலவாக்கத்தில் சைக்கிள் வைத்திருப்பவர் எவராக இருந்தாலும், ஒருநாள் பின்சக்கரத்திலிருந்து 'லொடக்' என்று ஒரு சத்தம் வந்தே தீரும். வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், வரவில்லை என்று நினைத்துக்கொள்வது. இதற்கு ஈசிஆர் சாலை பெரிய ஒத்தாசை. பஸ் ஹாரனுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே உங்கள் லொடக் யார் காதில் விழப்போகிறது? கடற்கரைக்குத் திரும்பும் தெருவில் நுழைந்ததும்தான் வம்பு. தெருநாய்கூடத் தலைதூக்கிப் பார்க்கும்.

அடுத்து, வண்டியை அடுக்குமாடி பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கவலையோடு நில்லுங்கள். நிபுணர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். பைக் ஓட்டுகிறவர் "பேரிங் போச்சு" என்பார். அவருக்கு மிக்ஸியில் சத்தம் வந்தாலும் பேரிங்தான். மூன்றாம் மாடி மாமா, அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் செய்த தன் பழைய ஹெர்குலிஸ் முப்பது வருஷம் மூச்சுவிடாமல் உழைத்த கதையைத் தொடங்குவார். அந்தக் கம்பெனி 1949-இல் ஆரம்பித்தது என்பதும் அதில் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், தகவல் சரிதான். இவர்களில் ஒருவரும் சக்கரத்தைத் தொட்டுச் சுற்றிப் பார்க்க மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம், கையில் கிரீஸ் ஒட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் தெரிந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதக்காரர்களுக்கு ஒரே வழி, பெடல் சுற்றுக்கு எத்தனை லொடக் என்று எண்ணுவது.

முதலில் மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருள விடுங்கள். சத்தமும் நின்றுவிட்டால் பாவம், பின்சக்கரத்தின் மேல் வீண்பழி. கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்த வண்டியில் காலடியில் பிறக்கும் தட்டு, இரும்புக் குழாய் வழியே ஓடிப் பின்னால்தான் கேட்கும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று போய்விடும். ஆகவே பெடல் சுற்றுக்கு ஒரு லொடக் என்றால் கிராங்கைப் பாருங்கள். இரண்டு மூன்று லொடக் என்றால் சக்கரம். இரண்டு மூன்று பெடல் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வந்தால், செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது. எதற்கும் கட்டுப்படாமல் தோன்றியபோது வந்தால், கேரியரில் இருக்கும் டிபன் பாக்ஸைத் திறந்து ஸ்பூனை வெளியே எடுங்கள்.

சக்கரம்தான் என்று உறுதியான பிறகும் உடனே கழற்றிவிடாதீர்கள். பூட்டில் தொங்கும் சாவியின் கீசெயின் கம்பியில் தட்டுகிறதா? டயரில் கல் குத்தியிருக்கிறதா? டயர் ஓரிடத்தில் புடைத்து மட்கார்டில் இடிக்கிறதா? பழைய கறுப்பு வண்டிகளில் பின்சக்கரத்துக்கு 40 கம்பி, முன்சக்கரத்துக்கு 32. இங்குள்ள உப்புக்காற்றுக்கு அந்தக் கம்பிகள் என்றால் தனிப் பிரியம். முறிவது பெரும்பாலும் செயின் பக்கத்துக் கம்பிதான். ஃப்ரீவீலுக்கு இடம் விடுவதற்காக அந்தப் பக்கத்தை அதிகம் இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். 'டொப்' என்பது தளர்ந்தது. மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் உட்கார்ந்து பழகிய காதுக்கு இது அரை நிமிஷ வேலை. காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துருப்பிடித்த நிப்பிளை நீங்களே திருகினால் கம்பி முறுக்கிக்கொண்டு உடையும்.

பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. ஹப்புக்குள் ஒரு பக்கத்துக்குக் கால் அங்குல பால்ஸ் ஒன்பது இருக்கும். கடல் மணல் உள்ளே போய்க் கிரீஸோடு கலந்தால், அதுவே அரைக்கும் பசையாகி எல்லாவற்றையும் தேய்த்துவிடும். மணலில் சைக்கிள் ஓட்டிப் படமெடுத்தவர்களுக்கு இது தனியாகச் சொல்லப்படுகிறது.

இனி சைக்கிள் கடை. அங்கே போனதும் சத்தம் வராது. கடைக்காரர் வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்மை ஒட்டிச் சாக்பீஸைப் பிடிப்பார். கோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை விழும். ஸ்க்ரூடிரைவர் முனையை அச்சில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். அப்போதும் ஒன்றும் இருக்காது. "சார், நீங்க கேரியர்ல உக்காருங்க" என்று தானே மிதிப்பார். நாலு அடியில் லொடக்! எடை ஏறும்போது அச்சுக்கு நேர்கீழே வரும் சில கம்பிகள் மட்டும் தளர்கின்றன. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்பவர் 1981-இல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே எழுதிய புத்தகத்தில் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். அந்தத் தளர்வில்தான் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும் கம்பிகள் உரசிச் சத்தம் போடும். கவிழ்த்து வைத்த சக்கரத்துக்கு என்ன பாரம், அது ஏன் வாயைத் திறக்கிறது?

"ஓவராயில் பண்ணிடலாமா?" என்பார். சரி என்று சொல்லுங்கள். வேறு பதிலுக்கு அங்கே இடமில்லை. புதுக் கம்பி போட்டு வந்த வண்டி முதல் கிலோமீட்டரில் 'டிங்', 'டிங்' என்னும். திருகும்போது ஏறிய முறுக்கு விலகிக் கம்பி இடம் பிடித்து உட்காருகிறது, வேறொன்றுமில்லை. மூன்றாம் மாடிக்குத் தெரிவிக்க வேண்டாம்.