டேங்க் கிளீனர் வாங்கின பேராண்டிக்கு

வாங்கிட்டியால? நல்லது. விரல் நீளத்துக்கு ஒரு மீனு, கண்ணாடியில இருக்க பாசியை வழிச்சுத் தின்னு தொட்டியைப் பளபளன்னு வச்சிருக்குமாம். கடைக்காரர் சொன்னது பொய்யில்ல. குட்டியில அப்படித்தான். வளந்தா ஒரு முழம் வருவான்கிறதை மட்டும் மறந்துட்டாரு, பாவம், அவருக்கு ஆயிரம் சோலி. அமேசான் ஆத்துக்காரன்லா அவன்! உன் தொட்டி அகலம் 1 அடி. ஒரு முழக்கம்பை உள்ள விட்டுக் குறுக்க திருப்பிப் பாரு, வெளங்கும்.

சுத்தம் பண்ண வந்தவன் நாள் முழுக்க நூல் நூலா வெளிக்கி இருந்துக்கிட்டே திரிவான். அதை அள்ளுத சோலி உனக்கு. வாரத்துக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணியை மாத்து, ஃபில்டரைப் பெருசாப் போடு. பெருசானவனுக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உசரமாவது தொட்டி வேணும். தண்ணி மட்டும் ஏறக்குறைய 680 கிலோ. மாடியில வைக்கிறதா இருந்தா கீழ்வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. பத்து வருசத்துக்கு மேலயும் இருப்பான், பொண்ணு பாக்கப் போகையில அதையும் சொல்லிரு.

பாசியை மட்டும் நம்பி விட்டுராத. வெள்ளரிக்காயைச் சீவி, அடியில முங்குத மாதிரி கல்லைக் கட்டிப் போடு, லைட்டை அணைச்ச பொறவு. ராத்திரிதான் அவனுக்குப் பசிக்கும். பட்டினி போட்டியோ, தூங்குத தங்கமீன் மேல ஒட்டி, அது உடம்பு வழவழப்பை உறிஞ்சிருவான்.

கிட்டப் போயி அவன் கண்ணைப் பாரு. கருமணி மேல ஒரு மடிப்பு இருக்கும். வெளிச்சம் கூடுச்சுன்னா இறங்கிப் பாதியை மூடிரும். இந்தக் கோமாளித்தனத்துக்காகவே அவனை வளக்கலாம், எனக்கும் ஆசைதான். புடிக்கணும்னா வலையைப் போடாத, துடுப்பு முள்ளு சிக்கிக்கிடும். வாளியால கோரு.

தொட்டி பத்தாம ஆனதும் உனக்குத் திடீர்னு இரக்கம் வரும், குளத்துல விட்டுருவோம்னு. அந்தப் புண்ணியம் மட்டும் வேண்டாம் ராசா. கரையைக் குடைஞ்சு வளை போட்டு முட்டை வைக்குதவன் அவன். தண்ணி கெட்டாலும் மேல வந்து காத்தை விழுங்கிக்கிட்டுக் கெடப்பான், சாவ மாட்டான். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, வலையைக் கிழிப்பான், சந்தையில காசுக்கும் ஆகமாட்டான். வலைக்காரன் வைவான். உன் பேரு அவனுக்குத் தெரியாது, ஊருக்குள்ள என் பேருதான் தெரியும்.