பிரிந்தார் கூடுமியல்

தொல்காப்பியர் 27 இயல் செய்தும் ஒன்றை விட்டுவிட்டார்: படுத்த படுக்கையாகிவிட்ட தாயைப் பார்க்க, பேச்சுவார்த்தை அற்றுப்போன பிள்ளைகள் ஒரே வீட்டில் கூடுவது. அக்குறை இங்கே நிரப்பப்படுகிறது.

1. பகை மூவகைப்படும்.
கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதால் வருவது பத்திரிகைப் பகை. காதுகுத்துக்குத் தாய்மாமன் முறை செய்யாததால் வருவது சீர்ப் பகை. சொத்தால் வருவது பத்திரப் பகை. முதலிரண்டும் மூன்றாவதன் வேடமே என்பாரும் உளர்.

பத்திரப் பகைக்குச் சட்டமும் உரமிட்டது. 1989இல் தமிழ்நாடு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவளுக்கு இல்லை என்றது. ஆகவே அக்காளுக்கு ஒரு நீதி, தங்கைக்கு ஒரு நீதி. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேற்றுமையை எடுத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் ரிஜிஸ்தர் ஆன பாகப்பிரிவினையை அது தொடாது. அண்ணன்மார் இத்தேதியை மட்டும் மறப்பதில்லை.

2. வருகையும் மூவகைத்து.
ராத்திரி பஸ்ஸில் வருவார். வாசலில் காரை ஓடவிட்டே வருவார். வீடியோ காலில் வருவார். கடைசியார், "கஞ்சியா குடுக்கறீங்க? புரோட்டீன் குடுங்க" என்பார். நேரில் வருவார் அனைவருக்கும் கையில் ஹார்லிக்ஸ் பொது. ஒரு ஸ்பூன் தண்ணீரே இறங்காத தொண்டைக்கு எட்டு பாட்டில் சேரும்.

3. பகைவர் என்றும் படர்க்கையே.
கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாலும் ஒருவருக்கொருவர் முன்னிலை ஆகார். சொல்ல வேண்டியதை நோயாளி வழியே சொல்வர்: "அம்மா, மாத்திரை எட்டு மணிக்குன்னு உன் மகன்கிட்டச் சொல்லு." அம்மா பேசி நாலு நாளாகிறது என்பது இலக்கணத்துக்குத் தடையன்று.

4. வினை இரண்டு: சொல்வினை, செய்வினை.
வைத்தியருக்கே வைத்தியம் சொல்வது சொல்வினை. செய்வினையாவது (யாரோ வைத்ததாகச் சொல்லப்படும் செய்வினை அன்று) படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. ஒற்றை ஆள் இழுத்தால் மெலிந்த தோல் உரசிக் கிழியும். அடியில் விரித்த துணியை இருபுறமும் இருவர் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். மூத்திரப் பை இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: ராத்திரி இரண்டு மணி. விழித்திருப்பவர் பகைவர் இருவர் மட்டும்.
"பிடி."
"மெதுவா."
"தூக்கு."
"டியூப்பைப் பாருண்ணே."

உரை: நான்கும் ஏவல் ("மெதுவா" என்பதில் வினை தொக்கது), ஏவல் முன்னிலைக்கே உரியது. பஞ்சாயத்தில் பெரியவர்கள் பேசியும் தீராத படர்க்கை, ஒரு துணியின் நான்கு மூலையில் தீர்ந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை; நாலு மணிக்கு மறுபடியும் புரட்ட வேண்டியிருந்தது.

5. இவ்வுறவின் ஆயுள்.
சொல்வினையாரது கருமாதிச் செலவுக் கணக்கோடு முடியும். செய்வினையாரது அதையும் தாண்டும். பங்கு கேட்டுச் சண்டை வந்தாலும் அதை நேருக்கு நேர் போடுவர்.

புறனடை.
இத்தனை மாதமும் பீ மூத்திரம் அள்ளிய மருமகள் இவ்வகை எதிலும் அடங்காள். அவள் பிரியவும் இல்லை, கூடவும் இல்லை, அங்கேயே இருந்தாள். அம்மாவின் வளையலைப் பிரிக்கும்போது முதலில் அவளைக் கேட்க வேண்டும் என்பது இந்நூலாசிரியர் துணிபு. உடன்படும் ஆசிரியர் பிறர் இலர்.