விசில் மட்டும் போடு

கிரிக்கெட் அணி வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கு மதுரை ஆனையூரிலிருந்து ஒரு யோசனை. ரசிகன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளவே போட்டுக்கொள்ளாதீர்கள். அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டுவதா, பழைய ஆட்களை வைத்தே ஒப்பேற்றுவதா, யாரை விற்பது, யாரை வாங்குவது என்பதெல்லாம் முதல் போட்டவர்கள் பேசவேண்டிய விஷயம். ரசிகன் என்ன போட்டான்? காசு போட்டான், விசில் போட்டான், 2008-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் ராத்தூக்கத்தைப் போட்டான். இதெல்லாம் முதலீட்டுக் கணக்கில் வராது.

என் யோசனைக்காக நீங்கள் காத்திருக்கவில்லை என்பதும் தெரியும்.

2025 மார்ச் 28, ஐ.பி.எல். ஆட்டம். சேப்பாக்கத்தில் பெங்களூரு 196 ரன் அடித்துவிட்டது. சென்னை விக்கெட்டுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. நம் ‘தல’ தோனியைக் காணோம். அஸ்வின்கூட வந்து அவுட்டாகிப் போன பிறகு, ஒன்பதாவது ஆளாக, ஆட்டத்துக்கு மாலை போட்டுச் சங்கு ஊதிய நேரத்தில் வந்தார். கடைசி ஓவரில் இரண்டு சிக்சர், ஒரு ஃபோர். 16 பந்தில் 30. எங்கள் தெருமுனை டீக்கடையில் பாய்லர் பக்கம் நின்றவர்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். சென்னை 50 ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயிப்பது 2008-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான் பொருமிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் எனக்கு ஆறுதல் சொன்னான்: “தோத்தா என்னண்ணே, தல அடிச்சுட்டாருல்ல!”

முதலாளிகளே, இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் அலுவலக வாசலில் பொன்னெழுத்தில் பொறித்து வையுங்கள். உலகத்தில் எந்தத் தொழிலுக்காவது இப்படி ஒரு வாடிக்கையாளன் வாய்ப்பானா? சாப்பாடு ஊசிப்போயிருந்தால் என்ன, இலை பச்சையாக இருக்கிறதே என்கிறான்.

ஆகவே நீங்கள் ரசிகன் பேச்சைக் கேட்பதே இல்லை என்று சொல்பவன் பொய்யன். கேட்கிறீர்கள், ஒரே ஒரு பேச்சை. “தல ஆடணும்” என்றால் உங்கள் காது பாம்புக்காது. “டாப் ஆர்டரில் பையன்களைப் போடுங்கள்”, “ஏலத்தில் ஏன் இவரை வாங்கினீர்கள்”, “உள்ளூர் ஆள் எங்கே” என்றால் அதே காதில் பஞ்சு. முதல் பேச்சு டிக்கெட்டாகிறது, விளம்பரமாகிறது. இரண்டாவது பேச்சு வெறும் கேள்வி, அதை எந்தக் கவுண்டரிலும் விற்க முடியாது.

விற்கிற பேச்சுக்காகச் சட்டமே வளையும். சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து வருஷமாகிவிட்டால் இந்திய வீரரை ‘நாட்டுக்கு ஆடாதவர்’ கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. நடுவில் எடுத்துவிட்டார்கள். 2025 சீசனுக்கு முன்னால் அதைத் தூசி தட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். 90 டெஸ்ட், 350 ஒருநாள், 98 டி20 ஆடிய மனிதர், 2011-இல் உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் தோனி, காகிதத்தில் கன்னிவீரர் ஆனார். நாலு கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தார்கள். அவருடைய முழங்கால் பத்து ஓவர் முழுசாக நின்று ஆட இடம் கொடுக்காது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே அந்த மார்ச்சில் சொன்னார். அணியைக் கட்டுகிறவன் இதைக் கேட்டால் வேறு விக்கெட் கீப்பரைத் தேடுவான். கல்லாவைக் கட்டுகிறவன் ஒன்பதாவது இடத்தில் இறக்குவான்.

அந்த வருஷம் சேப்பாக்கத்தில் ஆறு ஆட்டம் நடந்தது. முதல் ஆட்டம் ஜெயித்தோம், அடுத்த ஐந்தும் தோற்றோம். ஏப்ரல் 11-ஆம் தேதி கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் நின்று 103 ரன். சீசன் முடிவில் பத்து அணியில் பத்தாவது இடம், இந்த அணியின் வரலாற்றில் முதல் தடவை. இத்தனைக்கும் கவுண்டரில் மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய், உச்சம் 7,500. ஆனையூரிலிருந்து போகிறவனுக்கு ரயில், சாப்பாடு, லாட்ஜ் தனி. திரும்பி வரும்போது அவன் பையில் 50 ரன் தோல்வியும் இரண்டு சிக்சரும்.

ரசிகனையும் சும்மா விட முடியாது. ஜடேஜா பேட்டிங் செய்யும்போது அவர் எப்போது அவுட்டாவார் என்று காத்திருந்த கூட்டம் நம்முடையது. சொந்த அணியின் விக்கெட் விழுந்ததற்கு எழுந்து நின்று ஆர்ப்பரித்த கூட்டத்தை வேறெந்த ஊரிலும் பார்க்க முடியாது. அடுத்து வருகிறவர் தோனியல்லவா! 2023-இல் ஜடேஜாவே மேடையில் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதே வருஷம் இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தபோது ஒரு சிக்சர், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவரும் அவர்தான். 2025 நவம்பரில் அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டு சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்தார்கள். ஒரு நன்றி அறிவிப்பு, ஒரு படத்தொகுப்பு, அவ்வளவுதான். ‘மறுகட்டமைப்பு’ என்றார்கள். அடுத்த மாதம் அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இந்தியாவுக்கு ஆடாத இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14.20 கோடிக்கு வாங்கினார்கள். இளசுகளை வாங்கியதில் எனக்குச் சண்டை இல்லை. ரசிகன் தொண்டை கிழியக் கேட்டபோது காது கேட்காதவர்கள், கடைசி இடத்துக்கு வந்தவுடன் அது தங்கள் தீர்க்கதரிசனம் போலப் பேசுகிறார்களே, அதில்தான் சண்டை.

ரசிகன் சொன்னபடி அணியை எடுத்தால் உருப்படுமா? உருப்படாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் இரண்டு வருஷத் தடை முடிந்து வந்தபோது முப்பது தாண்டியவர்களாகப் பார்த்து வாங்கினார்கள். முதியோர் இல்லம் என்று சிரித்த கூட்டத்தில் நானும் உண்டு. 36 வயது வாட்சன் இறுதிப் போட்டியில் 117 அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார். பதினொரு பேரை எடுக்கிற வேலை ரசிகனுக்கு வேண்டாம். ஆனால் அந்த வெற்றியைக் காட்டியே அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தவறையும் ‘எங்களுக்குத் தெரியும், நீ விசில் மட்டும் போடு’ என்று மூடி மறைத்தார்கள். ஜெயித்த ஒரு ஏலத்தை வைத்து ஏழு வருஷம் வட்டி வசூல்.

அந்த இரண்டு வருஷத் தடை எதற்கு வந்தது? 2013-இல் அணியின் பெரிய இடத்து மாப்பிள்ளை பந்தய விவகாரத்தில் சிக்கினார். மாமனார் அப்போது இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். வாரியமும் அவர், அணியை வைத்திருந்த சிமெண்ட் கம்பெனியும் அவர். அதற்கு வசதியாக வாரியத்தின் விதியையே திருத்தி வைத்திருந்தார்கள், 2015 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜூலையில் நீதிமன்றம் அமைத்த லோதா குழு நம் அணி உட்பட இரண்டு அணிகளை நிறுத்திவைத்தது. தண்டனையில் நியாயம் இருந்தது. அதை முழுசாக அனுபவித்தவன் யார்? பந்தயத்தில் ஒரு பைசா பார்க்காத ரசிகன். 2016, 2017 இரண்டு கோடையும் அவன்தான் அணி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தபோது, “நம்ம புள்ளைங்கப்பா” என்று ஆரத்தி எடுத்தவனும் அவன்தான்.

கடைசி இடத்துக்கு வந்தால் முதலாளிக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அணிகளுக்கு வரும் பங்கில் பெரும்பகுதி, முதலிடமோ பத்தாமிடமோ, சமமாகப் பிரிகிறது. கீழ்ப்பிரிவுக்குத் தள்ளுவது என்பதே இந்தப் போட்டியில் இல்லை. இங்கிலாந்தில் கால்பந்து அணி கடைசிக்கு வந்தால் அடுத்த வருஷம் கீழ்த்தளத்தில் ஆட வேண்டும், வருமானம் அறுந்துபோகும். இங்கே கடைசிக்கு வந்தவனுக்கும் அதே பந்தி, அதே பாயசம். பரீட்சையில் ஃபெயிலானாலும் வகுப்பு மாறும் என்று தெரிந்த பையனை யார் படிக்கச் சொல்வது?

அமெரிக்க பேஸ்பாலில் இதையே ஒரு கலையாக ஆக்கிவிட்டார்கள். ஹூஸ்டன் அணி 2013-இல் 111 ஆட்டம் தோற்றது. மூட்டை மூட்டையாகத் தோற்றால் அடுத்த வருஷம் சின்னப் பையன்களைத் தேர்வு செய்வதில் முதல் வாய்ப்பு என்பது அப்போது அங்கே விதி. 2017-இல் பட்டம் வாங்கினார்கள், அதே வருஷம் எதிரணியின் சைகையைத் திருடியதும் பின்னால் வெளிவந்தது. ஓக்லாந்தில் இன்னும் மோசம். அணியைச் சுரண்டிச் சுரண்டி எலும்பாக்கிய முதலாளியிடம், “வித்துட்டுப் போய்யா” என்று சொல்வதற்கென்றே 2023 ஜூன் 13 அன்று 27,000-க்கு மேற்பட்டவர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். ஆளே வருவதில்லை என்று அவர் சொல்லிவந்ததைப் பொய்யாக்க, வந்து காட்டினார்கள். அன்று அணியும் ஜெயித்தது. ஒரு வருஷம் கழித்து முதலாளி அணியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

பெங்களூருக்காரன் 18 வருஷம் கோப்பைக்குக் காத்திருந்தான். கோப்பை வந்த மறுநாள், 2025 ஜூன் 4, சின்னசாமி மைதான வாசலில் 11 பேர் மிதிபட்டுச் செத்தார்கள். வாருங்கள் என்று அழைக்கத் தெரிந்தது. எத்தனை பேர் வருவார்கள், எந்த வாசலைத் திறப்பது என்று யோசிக்கத் தெரியவில்லை. ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, அணியை விற்கலாமா என்று ஆலோசிக்கத் தொடங்கியதாக முதலாளி கம்பெனி அறிவித்தது. அந்த 11 வீடுகளிலும் அந்த அணியின் கொடி இருந்திருக்கும்.

நம் பக்கம் வருவோம். 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, தமிழ்நாட்டு வீரர்கள் இல்லாத சென்னை அணியைத் தடை செய்யுங்கள் என்றார். அதே நாளில் இன்னொரு உறுப்பினர் எழுந்து, எம்.எல்.ஏ.க்களுக்கு ஐ.பி.எல். டிக்கெட் ஏற்பாடு செய்யுங்கள் என்றார். மக்கள் மன்றத்தின் மனச்சாட்சி இரண்டு பக்கமும் துடித்தது. அடுத்த மாதமே சாய் சுதர்சன் என்கிற சென்னைப் பையன் அகமதாபாத்தில் அதே சென்னை அணிக்கு எதிராக 96 அடித்தார். குஜராத் அவரை எடுத்த விலை 20 லட்சம். தமிழ்நாட்டு லீக்கில் கோவை அணி கொடுத்ததே அதைவிட அதிகம். வீட்டு முற்றத்தில் காய்த்ததை அயலூர்க்காரன் பறித்துக்கொண்டு போக, நம் முதலாளிகள் விசில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மதுரைக்கே ஒரு அணி உண்டு, தெரியுமா? தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் முதல் இரண்டு வருஷமும் அடிமட்டத்தில் கிடந்தது. உரிமையாளர் மாறினார், பெயர் மாறியது, ஆட்கள் மாறினார்கள், 2018-இல் பேந்தர்ஸ் என்ற பெயரில் திண்டுக்கல்லை வீழ்த்திக் கோப்பை வாங்கியது. மறுகட்டமைப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தச் சேதி ஆனையூருக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2025 அக்டோபரில் சிந்தாமணி பக்கம் புது ஸ்டேடியத்தைத் திறக்க தோனி வந்தார். அந்தச் சேதி அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இந்த ஊர்க்காரன் கேள்வி கேட்கத் தெரியாதவன் இல்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் போட்டுவிட்டு, அலங்காநல்லூர் வாடிவாசலைத் திறந்துவைக்க முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மதுரைக்கே வந்துவிட்டார். நிரந்தரச் சட்டம் வரட்டும், அதுவரை மாடு அவிழாது என்று ஊர் சொல்லிவிட்டது. முதலமைச்சர் திரும்பிப் போனார். ஒரு மாநில அரசை வாசலோடு திருப்பி அனுப்பிய ஜில்லாக்காரன், ஒரு கிரிக்கெட் கம்பெனியிடம் “ஏன்யா தோத்தோம்?” என்று கேட்க நா எழாமல் நிற்கிறான். பாலமேட்டில் மாடு பிடிபட்டால் வளர்த்தவன் வாடிவாசலில்தான் நிற்கிறான், ஊர் சிரிக்கிற சிரிப்பை முகத்தில் வாங்கிக்கொள்கிறான். பத்தாவது இடத்துக்கு வந்த முதலாளி எந்த வாசலில் நின்றார்?

எங்கள் பக்கம் தெருவைத் தோண்டினால்கூட ஒரு பலகை வைப்பார்கள்: ‘பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ பணி நடக்காது, வருத்தமும் கிடையாது, ஆனாலும் பலகை இருக்கும். அந்த மரியாதையாவது செய்யுங்கள். இந்த வருஷம் கட்டுகிறோம், தோற்போம் என்று டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள். 1,700 ரூபாயை 850 ஆக்குங்கள். கடைசி இடத்துக்கு வந்தால் ஒளிபரப்புப் பங்கில் பாதியை விட்டுக்கொடுத்து, மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கம் புல்லே முளைக்காத பள்ளிக்கூட மைதானங்களுக்கு மேட்டிங் போடுங்கள். சீசன் முடிந்ததும் முதலாளியும் பயிற்சியாளரும் மைக் பிடித்து, யாரை ஏன் விற்றோம் என்று ஒரு மணி நேரம் பதில் சொல்லுங்கள். பதினொரு பேரை நீங்களே எடுங்கள், அதில் நாங்கள் தலையிட மாட்டோம்.

இதில் ஒன்றும் செய்ய மாட்டீர்கள். அடுத்த டிக்கெட்டும் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஒரு ஆறுதல், எங்கள் பையன்கள் போட்டிருக்கும் மஞ்சள் சட்டையில் முக்கால்வாசி பிளாட்பாரத்தில் பேரம் பேசி வாங்கியது. அதில் உங்களுக்கு ஒரு பைசா கமிஷன் வரவில்லை.