உதைக்கு மசியாத வாகனம்

கேள்வி: பனிக்காலம் முழுதும் போர்வை போர்த்திக் காத்த மோட்டார் சைக்கிள், வசந்தம் வந்து நான் உதைத்து உதைத்துக் கால் வீங்கியும் கிளம்ப மறுக்கிறதே, என்ன பாவம் செய்தேன்? (ஒரு வாசகர், டொராண்டோ)

பதில்: 'அடியாத மாடு படியாது' என்பது தீனி தின்ற மாட்டுக்கல்லவா பொருந்தும்? சென்ற ஐப்பசியில் ஊற்றிய பெட்ரோலின் லகுவான அம்சமெல்லாம் ஆவியாகிப் பரலோகம் போய்விட, எஞ்சிய கசடு பிசினாகத் திரண்டு, கார்புரேட்டர் ஜெட்டின் ஊசிமுனைத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது, உதைத்துப் பிரயோஜனமென்ன? பழையதை வடித்து, ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

அடுத்த பனிக்கு முன் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி வையுங்கள்: நிறைந்த ஈய-அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது, தீர்ந்ததோ மைனஸ் 10-லேயே உறைந்துவிடும். அப்போது விரிசல் காண்பது பேட்டரி மட்டுமல்ல, உங்கள் பணப்பையும்தான்.